முன்பாரம், பின்பாரம், ஐந்தாம் சக்கரம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நீங்கள் எப்போதாவது சென்றதுண்டா? விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரக் காட்சி மாறிவிடும். கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியதுபோல் உப்பளப் பாத்திகள் தெரியும். அவற்றின் கரைகளில் வெள்ளைக் குவியல்கள் நிற்கும். கோடை முழுதும் வெயிலில் நின்று ஆண்களும் பெண்களும் வாரிச் சேர்த்த உப்பு அது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதை ஏற்றி அனுப்பியாக வேண்டும்.

உப்பு மலிவான பொருள். ஆனால் கனமான பொருள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டியில் கல்லுப்பை நிரப்பினால் ஏறத்தாழ ஒரு டன்னோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். ஆகவே உப்புத் தொழிலில் பாதிக் கவலை அதை விளைவிப்பதில்; மறுபாதி அதை இழுத்துச் செல்வதில். மாட்டு வண்டி, பக்கிங்காம் கால்வாய்ப் படகு, டிராக்டர், லாரி என்று இந்த உப்பு பல வாகனங்களைப் பார்த்துவிட்டது.

இழுப்பது ஒன்று, இழுபடுவது மற்றொன்று என்று வந்துவிட்டால் ஒரு கேள்வி எழுகிறது. இவை இரண்டும் எந்த இடத்தில் சேரவேண்டும்? பார்ப்பதற்கு அற்பமான கேள்வி. ஒரு கொக்கி, ஒரு இரும்பு ஆணி, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மாட்டின் கழுத்து நெரிவதும், டிராக்டர் குப்புற மறிவதும், நெடுஞ்சாலையில் வண்டி பாம்புபோல் நெளிந்து கவிழ்வதும் பல வேளைகளில் அந்த இடத்தைப் பொறுத்தே அமைகின்றன.

இந்தக் கேள்வியை எனக்கு நினைவூட்டியவர் என்னிடம் இயற்பியல் படித்த பழைய மாணவர் ஒருவர். உப்பள வேலை செய்யும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவர்; இப்போது அமெரிக்காவில் பொறியாளர். அங்கே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படும் பழக்கம் உண்டு. அவரும் அப்படியொரு வண்டி வாங்கப் போகிறாராம். “சார், என்னிடம் இருப்பது தொட்டி குட்டையான பிக்கப். இதற்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்ற இணைப்பில் பல வகை விற்கிறார்கள். எதை வாங்குவது?” என்று தொலைபேசியில் கேட்டார். “உங்கள் தாத்தா உப்பு வண்டி ஓட்டினார் என்று சொன்னீர்களே, அவர் பாரம் ஏற்றியதைப் பார்த்ததுண்டா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். மறுமுனையில் சிரிப்பு. ஆனால் நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

வண்டிக்காரரின் இயற்பியல்

கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு வண்டிகளில் கொண்டு சென்று விற்றவர்களைச் சங்க நூல்கள் உமணர் என்று அழைக்கின்றன. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக இன்னொரு அச்சை வண்டியின் அடியில் கட்டிச் செல்வது அவர்கள் வழக்கம். அதியமான் மகன் எழினியை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இன்றைய லாரியின் மாற்றுச் சக்கரத்துக்கு மூத்த உறவினர் அது.

இரட்டை மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம். அவற்றை இணைக்கும் அச்சின்மேல் வண்டி ஒரு தராசைப்போல் நிற்கிறது. முன்னே நீளும் ஏர்க்காலின் நுனியில் நுகத்தடி. அது மாடுகளின் கழுத்தில் அமர்கிறது. பாரத்தை அச்சுக்கு முன்னால் சற்று மிகுதியாக ஏற்றினால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். இதற்கு முன்பாரம் என்று பெயர். பின்னால் மிகுதியாக ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்பும். அப்போது மாட்டையும் நுகத்தையும் பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். இது பின்பாரம்.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டியும் உப்பும் சேர்ந்து 1000 கிலோ என்க. அவற்றின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. அச்சிலிருந்து நுகத்தடி 2.5 மீட்டர் தூரம். அச்சை ஆதாரமாகக் கொண்டு திருப்புத்திறன்களைச் சமன் செய்யுங்கள். 1000 × 0.1 = நுகத்தின் பாரம் × 2.5. விடை 40 கிலோ. மாட்டுக்கு 20 கிலோ. இழுப்பதற்குப் பிடிமானம் தரும் அளவான சுமை இது. அதே ஈர்ப்பு மையம் 10 செ.மீ. பின்னால் போனால் அதே 40 கிலோ விசை மேல்நோக்கி வந்து கயிற்றின் வழியாக மாட்டின் தொண்டையைப் பிடிக்கும். ஒரு டன் பாரத்தில் ஒரு சாண் இடமாற்றம். மாட்டின் மூச்சே அதில் இருக்கிறது.

மேட்டில் ஏறும்போது என்ன ஆகும்? ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் வண்டி சாயும்போது அந்த மையம் ஏறத்தாழ 6 செ.மீ. பின்னோக்கிப் போய்விடும். 10 செ.மீ. முன்பாரம் 4 செ.மீ. ஆகிவிட்டது. நுகத்தில் 40 கிலோவுக்குப் பதில் 16 கிலோதான். இன்னும் செங்குத்தான மேடென்றால் பின்பாரமாகவே மாறிவிடும். அதனால்தான் மேடு வந்ததும் வண்டிக்காரர் நகர்ந்து ஏர்க்கால் பக்கம் போய் உட்காருவார். அவர் எடை 60 கிலோ, அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் உட்கார்ந்தால் நுகத்தில் 36 கிலோ கூடுகிறது. இறக்கத்தில் அவரே பின்னால் வந்துவிடுவார். திருப்புத்திறன் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் நம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவரைவிட அதை அவர் நன்றாக அறிந்தவர் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு சங்கிலியைக் கட்டிய இடம்

மாடு இருந்த இடத்துக்கு டிராக்டர் வந்ததும் கழுத்து வலி போயிற்று. வேறோர் ஆபத்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மரக்காணத்தில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. உப்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் டிரெய்லர் களத்தின் ஓரச் சேற்றில் அச்சளவு புதைந்துவிட்டது. இழுக்க இன்னொரு டிராக்டர் கெட்டியான கரைமீது வந்து நின்றது. சேறு படாத இடமாகப் பார்த்து அதன் பின்புறத்தில் உயரமான ஒரு துளையில் யாரோ சங்கிலியை மாட்டினார்கள். ஓட்டுநர் கிளட்சை விட்டதுதான் தாமதம், பின்சக்கரங்கள் ஊன்றிக்கொள்ள, முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஒரு முழம் எழும்பியிருக்கும். நல்ல வேளையாக அவர் உடனே கிளட்சை மிதித்தார். வண்டி தொப்பென்று விழுந்தது. அரை நொடி தாமதித்திருந்தால் டிராக்டர் பின்புறமாக மறிந்து அவரை அடியில் போட்டிருக்கும். பெரியவர் ஒருவர் ஓடிவந்து, “கீழே கட்டுங்கப்பா!” என்று சத்தம் போட்டார். கீழே உள்ள இழுவைத் தண்டில் கட்டினார்கள். அதே டிராக்டர், அதே ஓட்டுநர், அதே சேறு. வண்டி அமைதியாக வெளியே வந்தது.

கணக்கு இதோ. டிராக்டரின் எடை 2000 கிலோ. அதில் முன் அச்சின்மேல் இருப்பது 700 கிலோ என்க. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 1.9 மீட்டர். சங்கிலியில் இழுவிசை 1400 கிலோ எடைக்குச் சமம். சங்கிலி தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பற்றி அதன் திருப்புத்திறன் 1400 × 0.9 = 1260. இதை 1.9 ஆல் வகுத்தால் 663. அதாவது முன் அச்சின் 700 கிலோவில் 663 கிலோ போய்விட்டது! மிச்சம் 37 கிலோ. கிளட்சைச் சற்று வெடுக்கென்று விட்டால் அதுவும் போய்விடும். சங்கிலியை 45 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் இழப்பு பாதியாகக் குறைந்து, முன்சக்கரங்களில் 368 கிலோ மீதம் இருக்கும். இழுவைக் கொக்கி பின் அச்சைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

டிரெய்லர் கொக்கியில் தொங்கும்போது இன்னொரு விசையும் சேர்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரின் முன்பாரம் கொக்கியைக் கீழே அழுத்துகிறது. கொக்கியோ பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. பின் அச்சை ஆதாரமாகக் கொண்ட ஏற்றப் பலகைபோல, பின்னே அழுத்தினால் முன்னே எழும்பும். அப்படியானால் பாரத்தைப் பின்னால் தள்ளி ஏற்றிவிடலாமே என்கிறீர்களா? அது இன்னும் மோசம். அதைப் பிக்கப் வண்டியில் பார்ப்போம்.

அச்சுக்குப் பின்னாலா, அச்சின்மேலா?

பிக்கப் என்பது முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த தொட்டியும் கொண்ட வண்டி. நம் ஊரில் காய்கறியும் உப்பு மூட்டையும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒரு வகைக்குக் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரே உண்டு. அமெரிக்கப் பிக்கப் அந்த யானையின் பெரியப்பா.

அதன் பின்முனையில் உருண்டை ஒன்றைப் பொருத்தி, டிரெய்லரின் குழிந்த மூக்கை அதன்மேல் கவிழ்த்துப் பூட்டுவது ஒரு முறை. டிரெய்லரின் எடை 4500 கிலோ என்று கொள்வோம். இவ்வகை இணைப்பில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் அழுத்த வேண்டும் என்பது பழகிய விதி. 12 சதவீதம் என்றால் 540 கிலோ. உருண்டை பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். வண்டியின் அச்சிடைத் தூரம் 3.6 மீட்டர். முன் அச்சு இழப்பது 540 × 1.2 ÷ 3.6 = 180 கிலோ. பின் அச்சில் கூடுவதோ 540 அன்று, 720 கிலோ. முன்சக்கரங்களில் எடை குறைந்தால் அவற்றின் பிடிப்பு குறையும். திருப்புவதும் நிறுத்துவதும் கெடும்.

மூக்கின் பாரத்தைக் குறைத்து 2 சதவீதம் ஆக்கினால்? அங்கேதான் பாம்பு நெளிகிறது. ஓர் அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முனை கனமானது, வாலில் இறகு. முனை முன்னே செல்ல, இறகில் படும் காற்று பின்னிருந்து அதை நேராக வைக்கிறது. டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்பவை அதன் டயர்கள். ஈர்ப்பு மையம் டயர்களுக்கு முன்னால் இருந்தால், டிரெய்லர் ஒருபுறம் ஒதுங்கும்போதெல்லாம் டயர்கள் அதை நேராக்கிவிடும். பாரம் பின்னால் போய்விட்டால் அதன் நிலைமம் டயர்களின் பிடியை மிஞ்சுகிறது. ஓர் ஆட்டம் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். வேகம் கூடக்கூட இது வலுக்கும். எதிரே வரும் லாரியின் காற்று ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

அந்த ஆட்டம் இழுக்கும் வண்டியையும் ஆட்டுகிறதே, அது ஏன்? கதவைக் கைப்பிடியருகே தள்ளிப் பாருங்கள். விரலால் தள்ளினாலே சுழலும். கீலுக்கு அருகே தள்ளிப் பாருங்கள். தோள் கொடுத்தாலும் அசையாது. பிக்கப்பின் பின் அச்சு கீல்போன்றது. உருண்டை அதற்கு 1.2 மீட்டர் பின்னால், கைப்பிடி இருக்கும் இடத்தில் இருக்கிறது. டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் வண்டியைத் திருப்பிவிடும்.

அப்படியானால் இணைப்பைக் கீலின்மேலேயே வைத்துவிட்டால்? அதுவே ஐந்தாம் சக்கரம்.

பெயர் வந்த கதை

நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்பவேண்டும். அதற்காக அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கை வாட்டில் வைத்தார்கள். உருளாமல் படுத்தே கிடக்கும் அந்த வளையம் ஐந்தாவது சக்கரம்போல் இருந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நான்கு சக்கர டிராக்டர் டிரெய்லரின் முன் அச்சுக்கு மேலே குனிந்து பாருங்கள். அந்த வளையத்தை இன்றும் காணலாம்.

1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு மர வணிகர் தம் படகைக் கொண்டுசெல்ல விரும்பினார். வண்டிப் பட்டறை வைத்திருந்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரை அணுகினார். ஃப்ரூஹாஃப் செய்துகொடுத்த டிரெய்லருக்கு முன்சக்கரங்களே இல்லை. அதன் முன்பகுதி ஃபோர்டு மோட்டார் வண்டியின் பின்பகுதியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாட்டின் கழுத்தில் வண்டி உட்காருவதுபோலத்தான்! பாதி டிரெய்லர் என்று பொருள்படும் ‘செமி டிரெய்லர்’ என்ற பெயரை அவர் அதற்கு வைத்தார்.

சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரி, டிரெய்லரைக் கழற்றிவிட்டு இழுக்கும் பகுதி மட்டும் தனியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்சக்கரங்களுக்கு மேலே மசகு பூசிய கறுப்பு இரும்புத் தட்டு ஒன்று தெரியும். அதன் பின்பக்கம் குதிரை லாடம்போல் பிளந்திருக்கும். டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் தடித்த ஆணி அந்தப் பிளவு வழியே வந்து நடுவில் அமரும். உள்ளே இருக்கும் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். வழக்கமான ஆணியின் விட்டம் 2 அங்குலம். இத்தனை டன்னையும் இழுப்பது இரண்டு விரல் கனமுள்ள அந்த ஆணிதான். பாரத்தைத் தாங்குவது தட்டு. பிக்கப்பின் தொட்டிக்குள் பொருத்துவது இதன் சிறிய வடிவம்.

நம் 4500 கிலோ டிரெய்லரை இப்போது இதில் ஏற்றுவோம். இவ்வகையில் 15 முதல் 25 சதவீதம் எடையை இழுக்கும் வண்டிமேல் வைக்கலாம். 20 சதவீதம் என்றால் 900 கிலோ. ஆணி பின் அச்சுக்கு 5 செ.மீ. முன்னால் இருக்கட்டும். முன் அச்சில் 900 × 0.05 ÷ 3.6 = 12.5 கிலோ கூடுகிறது. குறையவில்லை, கூடுகிறது! உருண்டையில் 540 கிலோ தொங்கியபோது 180 கிலோவை இழந்த அதே முன்சக்கரங்கள் இவை. பக்கவாட்டுத் தள்ளலோ கீலிலேயே விழுகிறது, வண்டி திரும்புவதில்லை.

குட்டைத் தொட்டியின் சங்கடம்

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் என் மாணவருக்கு என்ன சிக்கல்? பழைய பிக்கப்பின் தொட்டி 8 அடி நீளம். பின் இருக்கையில் குடும்பமும் உட்காரவேண்டும் என்று ஓட்டுநர் அறையை நீட்டினார்கள். தொட்டி 6½ அடி, 5½ அடி என்று குறுகிற்று. பின் அச்சுக்கும் அறையின் பின்சுவருக்கும் இடையே உள்ள தூரமும் அதனுடன் குறைந்தது.

ஒரு தாளில் படம் வரையுங்கள். டிரெய்லரின் அகலம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர். (கன்டெய்னரின் அகலமும் இதுவே.) பாதி அகலம் 1.22 மீட்டர். ஆணி டிரெய்லரின் முன்முகத்தின் நடுவே இருப்பதாகக் கொள்ளுங்கள். நேராகச் செல்லும்போது முன்முகம் அறைக்கு இணையாக நிற்கிறது. வண்டி திரும்பும்போது டிரெய்லரின் ஒரு முன்மூலை அறையை நோக்கி வருகிறது. திரும்பிய கோணம் θ என்றால், அம்மூலை ஆணியைவிட 1.22 × சைன் θ மீட்டர் முன்னே வந்துவிடும். 90 டிகிரியில் முழு 1.22 மீட்டர்.

நெடுந்தொட்டியில் ஆணிக்கும் அறைக்கும் இடையே 1.35 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மூலை இடிக்காது. குட்டைத் தொட்டியில் அது 0.95 மீட்டர்தான். சைன் θ = 0.95 ÷ 1.22 = 0.779. அட்டவணையைப் புரட்டினால் θ ஏறக்குறைய 51 டிகிரி. அதற்கு மேல் திருப்பினால் டிரெய்லரின் மூலை பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். அங்கே பின் இருக்கையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நான் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆணி முன்முகத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆணி 50 செ.மீ. உள்ளே இருப்பதாகக் கொண்டால், அதிலிருந்து மூலைக்குள்ள தூரத்தைப் பிதாகரஸ் தேற்றம் தரும். 1.22இன் வர்க்கத்தையும் 0.5இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 1.32 மீட்டர். அந்த ஆரமுள்ள வட்டத்துக்குள் அறையின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது. கன்டெய்னர் லாரியில் அறைக்கும் டிரெய்லருக்கும் இடையே வெற்றிடம் விட்டிருப்பது இதற்காகவே; அழகுக்காக அன்று.

ஆக இரண்டு தேவைகள் மோதுகின்றன. எடையின் கணக்கு, ‘அச்சைவிட்டுப் பின்னால் போகாதே’ என்கிறது. கோணத்தின் கணக்கு, ‘அறையைவிட்டுப் பின்னால் போ’ என்கிறது. குட்டைத் தொட்டியில் இரண்டையும் ஒரே இடத்தில் நிறைவேற்ற முடியாது.

எங்கே வழி பிறந்தது தெரியுமா? இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் செல்லும்போது வளைவுகளில் கோணம் சில டிகிரிகளைத் தாண்டாது. அப்போது எடை சரியான இடத்தில் இருப்பதே முக்கியம். 60, 70 டிகிரி திருப்புவது பின்னோக்கிச் செலுத்தி வண்டியை ஓரிடத்தில் நிறுத்தும்போதுதான். அப்போது வேகம் நடைவேகம். எடை சற்று இடம் மாறினாலும் குடி முழுகிவிடாது. எனவே தட்டைத் தண்டவாளம் போன்ற சட்டத்தின்மேல் நகரும்படி வைத்தார்கள். 30 செ.மீ. பின்னால் நகர்த்தினால் ஆணிக்கும் அறைக்கும் இடையே 1.25 மீட்டர். 1.22 மீட்டர் மூலை மயிரிழையில் தப்பிவிடுகிறது. ஆணி இப்போது அச்சுக்கு 25 செ.மீ. பின்னால், முன் அச்சின் இழப்பு 62.5 கிலோ. மெதுவாகச் செல்லும்போது பொறுத்துக்கொள்ளலாம். மேடு வந்ததும் வண்டிக்காரர் இடம் மாறி உட்கார்ந்தாரே, அதே உபாயம்!

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஓட்டுநரே இறங்கி நெம்புகோலை இழுத்துத் தட்டை நகர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் முன்னே கொண்டுவந்து பூட்டவேண்டும். மலிவானது, எளியது, ஆனால் மனித மறதியை நம்பியிருக்கிறது. மற்றொன்றில் டிரெய்லர் திரும்பும் கோணத்துக்கு ஏற்பத் தட்டு தானே பின்னே போகும், நேரானதும் தானே முன்னே வரும். விலையும் எடையும் அதிகம். மூன்றாவதாக, தட்டை நகர்த்தாமல் டிரெய்லரின் முகப்பில் நீண்ட கையொன்றைப் பொருத்திச் சுழலும் இடத்தையே பின்னே தள்ளும் முறையும் உண்டு. இதில் பக்கவாட்டுத் தள்ளல் எப்போதும் அச்சுக்குப் பின்னால்தான் விழுகிறது. கதவின் கீலை விட்டு நாமே விலகுகிறோம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. டிரெய்லரின் முன்மூலைகளைச் சற்றுச் செதுக்கியும் விற்கிறார்கள். அதனால் சில டிகிரிகள் கூடுதலாகக் கிடைக்கும். பக்கச்சுவர் அதே அகலத்தில் இருக்கும்வரை 90 டிகிரி கிடைத்துவிடாது.

நான் மாணவருக்குச் சொன்னது இது. முதலில் இணைப்பைப் பார்க்காதீர்கள்; உங்கள் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதன் கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். ஆணியின் 900 கிலோ, இணைப்பின் எடை, உள்ளே உட்காரும் ஐந்து பேர், அவர்கள் மூட்டை முடிச்சு எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கவேண்டும். குட்டைத் தொட்டி வண்டிகளில் பல இதிலேயே தோற்றுவிடும். அப்படித் தோற்றால் சிறிய டிரெய்லரை வாங்குவதுதான் வழி. எந்த உயர்ந்த இணைப்பும் வில்லையும் டயரையும் வலுப்படுத்தாது. அதில் தேறினால், ஆணிக்கும் அறைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, டிரெய்லரின் பாதி அகலத்தோடு ஒப்பிடுங்கள். தொட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே 15 செ.மீ. உயரமாவது விடுங்கள், பள்ளத்தில் இறங்கும்போது அந்த இடைவெளி சுருங்கும். தட்டு முன்பின்னாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சற்றுச் சாயக்கூடியதா என்று பாருங்கள். தாடை கவ்வியபின் டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்துவைத்து, வண்டியை மெல்ல முன்னே இழுத்துச் சோதியுங்கள். இவ்வளவுக்கும் பிறகு கையால் நகர்த்துவதா, தானே நகர்வதா என்பது உங்கள் பணப்பையையும் ஞாபகசக்தியையும் பொறுத்தது.

“அப்பா அடிக்கடி சொல்வார் சார், உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று. இங்கே அந்தக் கவலை இல்லை” என்றார். அவர் இருப்பது பனி பெய்யும் மாநிலம். சாலையில் உறைந்த பனியை உருக்க அங்கே உப்பைத்தான் தூவுகிறார்கள். உப்புக் கலந்தால் நீர் உறையும் வெப்பநிலை தாழ்ந்துவிடும். உருகிய உப்புநீர் வண்டியின் அடியில் தெறித்து ஒட்டும். மரக்காணத்து டிராக்டரின் கொக்கியைத் தின்னும் அதே துரு அவருடைய தாடைகளையும் தின்னும். மசகு போட மறக்கவேண்டாம் என்றேன்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பொம்மை லாரியும் ஒரு முழ நீள அட்டைத் துண்டும் போதும். அட்டையின் நடுப்பகுதிக்கு அடியில் சற்றுப் பின்தள்ளி ஓர் அச்சையும் இரண்டு சக்கரங்களையும் பொருத்துங்கள். அதன் முன்நுனியைக் குண்டூசியால் லாரியின் பின்முனையில் தளர்வாக இணையுங்கள். ஒரு நீண்ட பலகையைச் சாய்த்துவைத்து, அட்டையின் முன்பகுதியில் நாணயங்களை அடுக்கி ஒட்டி லாரியை உருளவிடுங்கள். உருளும்போது அட்டையின் பக்கத்தில் விரலால் இலேசாகத் தட்டுங்கள். பிறகு அதே நாணயங்களைப் பின்நுனிக்கு மாற்றி மறுபடியும் செய்யுங்கள். மூன்றாவதாக, குண்டூசியை லாரியின் பின்முனையிலிருந்து எடுத்து அதன் பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே குத்தி, பின்பாரத்துடனேயே ஓடவிடுங்கள். இம்மூன்றிலும் லாரியின் முகம் எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பலகையில் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள்.

கடைசிச் சோதனையில், லாரியின் தலைப்பகுதியை அட்டையின் மூலை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று பாகைமானியால் அளந்துவிட்டுக் குண்டூசியைக் கழற்றுங்கள். அட்டையின் பாதி அகலம் தெரியும், குண்டூசிக்கும் தலைப்பகுதிக்கும் இடையேயுள்ள தூரம் தெரியும். சைன் அட்டவணை சொல்லும் கோணமும் நீங்கள் அளந்த கோணமும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்.